பதினொரு கட்டங்கள்

ஜூலை 2, செவ்வாய். மழை 14.6 மி.மீ.

எட்டரைக்கு மழைமானியைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றினேன். கூட்டுறவு வங்கி கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து மேசையில் சும்மா கிடந்தது. பதிவேட்டில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் உண்டு, சொல்லுக்கு இல்லை. "எண்ணோட சேத்து நீங்க பாக்குறதையும் எழுதி வைங்கம்மா. ஓடுற தண்ணி என்ன நிறம், மூடுபனி இருந்துச்சா, எல்லாத்தையும்" என்று ஷாஹிதா கேட்டுக்கொண்டாள். கேட்ட விதம் மரியாதையாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

ஷாஹிதா கம்பத்துப் பெண். மண்ணும் நீரும் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள். கோவையில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை. எங்கள் ஊசிமட்டத்துச் சரிவில் பெய்யும் மழையில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, எவ்வளவு வழிந்தோடுகிறது, ஓடும்போது எவ்வளவு மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது என்று அளக்க வந்திருக்கிறாள். அதை வைத்து, இனி வரப்போகும் மழைக்கு இந்தச் சரிவு என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லப் போகிறாளாம். சரிவின் உச்சியில் என் வீடும் அரை ஏக்கர் தேயிலையும். அடியில் தோட்டத் தொழிலாளர்களின் ஏழு லைன் வீடுகள், ஒரே வரிசையில். அந்த ஏழு குடும்பமும் அங்கே இருக்கலாமா கூடாதா என்று அதிகாரிகள் இவளுடைய கணக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

மழைப் பதிவேட்டைக் கேட்டாள். கொடுத்தேன். இருபத்தேழு வருடக் கணக்கு. தொடங்கியவர் என் கணவர் சவரிராயன், மண் பாதுகாப்புத் துறையில் ஓவர்சியராக இருந்தவர். பதினாறு வருடம் அவர் கையெழுத்து, பதினொரு வருடமாக என் கையெழுத்து.

பக்கம் பக்கமாகப் புரட்டியவள், "ஒரு நாள்கூடக் காலி இல்லையேம்மா!" என்றாள்.

"காலி விடறதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

கான்வென்டில் மதர் பெனடிக்டா அப்படித்தான் எங்களை வளர்த்தார். கோடிட்ட இடத்தைத் தப்பாக நிரப்பியவளை மன்னிப்பார். காலியாக விட்டவளைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார்.

ஜூலை 5, வெள்ளி. மழை 6.2

சோதனைப் பாத்திகள் போட்டார்கள். தேயிலையில் ஒன்று, பக்கத்தில் கேரட் போட்ட துண்டில் ஒன்று. நாலு பக்கமும் தகரம் பதித்து, அடியில் ஒரு தொட்டி. பாத்தியில் வழியும் நீர் முழுவதும் தொட்டியில் வந்து விழும். கூடவே மழையை நிமிடத்துக்கு நிமிடம் தானாகவே குறித்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றையும் நட்டாள். என் மழைமானியைவிட அது உயரம். அழகில்லை.

தகரத்தைச் சுமந்தவன் சந்தனம். என் வீட்டில் முப்பத்தொரு வருடமாக வேலை செய்யும் யோகேஸ்வரியின் கணவன். தேயிலை ஃபேக்டரியில் உருளை ஏறியதில் ஒரு கால் சற்று இழுக்கும். வாய் மட்டும் இழுப்பதில்லை. லைனில் மூன்றாம் வீடு அவர்களுடையது. இரண்டு பெண்களையும் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. இப்போது அவனுக்கு ஒரு மாடுதான் பிள்ளை.

"மழைக்காரம்மா, இன்னைக்கு எத்தன?" என்று மேட்டில் நின்று கத்தினான்.

"ஆறு புள்ளி ரெண்டு."

"ஆறு சரி. அந்தப் புள்ளி ரெண்ட யாருங்கம்மா குடிக்கப் போறா?"

ஷாஹிதா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. முழு எண்ணாக எழுதினால் அளந்தவன் குனிந்து பார்க்கவில்லை என்று அர்த்தம் என்பார் என் கணவர். குவளையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீரின் நடுப்பள்ளம் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். எழுபத்தெட்டு வயதில் தினமும் குனிகிறேன்.

ஜூலை 6, சனி. மழை 0.4

ரசத்தில் உப்பு அதிகம். யோகேஸ்வரியிடம் சொன்னேன். "வயசானா நாக்கு அப்படித்தாம்மா சொல்லும்" என்றாள்.

ஜூலை 19, வெள்ளி. மழை 52.8

இந்த மாதத்தில் பெரிய மழை. தேயிலைப் பாத்தித் தொட்டியில் இரண்டாம் முறை வடித்த டீ நிறத்தில் கால் தொட்டி நீர். கேரட் பாத்தித் தொட்டியில் கேழ்வரகுக் கூழ். கலக்கிப் புட்டிகளில் எடுத்து, சீட்டு ஒட்டி வைத்தேன். ஷாஹிதா சொன்னபடி நீர் மட்டத்தையும் அளந்தேன், மில்லிமீட்டரில்.

மதியம் அவள் வந்தாள். கேரட் பாத்தியிலிருந்து இந்த ஒரே மழையில் போன மண், இந்த மாதம் இதுவரை போனதைவிட அதிகம் இருக்கும் என்றாள்.

"மொத்த மழை எவ்வளவுங்கிறதுல விஷயம் இல்லம்மா. ஒரே நாள்ல எவ்வளவு கொட்டுதுங்கிறதுதான். இனிமே மழை நாள் கொறஞ்சுக்கிட்டே போகும். பெய்யிற அன்னைக்குக் கொட்டித் தீத்துரும்."

"அதை எப்படி நீ முன்னாடியே சொல்லுவே?"

"இதுவரைக்கும் இங்க பெய்ஞ்ச பெரிய நாள் எதுன்னு தெரியணும். அத வச்சு, இனி எவ்வளவு கூடும்னு போடுவேன். உங்க பதிவேடுதாம்மா எனக்கு அஸ்திவாரம்."

இரண்டாவது டம்ளர் டீ கேட்டாள். கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய். மழை 3.0 (குனிந்துதான் பார்த்தேன். சரியாக மூன்றுதான்.)

ஷாஹிதா முழுப் பதிவேட்டையும் கணிப்பொறியில் ஏற்றி முடித்துவிட்டாள். இருபத்தேழு வருடத்தில் இந்தச் சரிவில் ஒரு நாளில் பெய்த மிகப் பெரிய மழை 96.4. என் கணவர் காலத்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்மா. பதினொரு வருஷத்துக்கு முந்தி ஒரு நவம்பர். பக்கத்து எஸ்டேட்ல ஒரே நாள்ல நூத்தி எம்பத்தெட்டு எழுதியிருக்காங்க. உங்ககிட்ட அன்னைக்கு இருபத்தொண்ணு புள்ளி எட்டுதான் இருக்கு."

"மலையில முகட்டுக்கு ஒரு மழை. அங்க கொட்டும், இங்க தூறும்."

இது உண்மை. என் கணவரும் சொல்வார், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

"அதான் நானும் நெனச்சேன். எஸ்டேட் கணக்க விட்டுர்றேன். உங்களோடதுதான் இந்தச் சரிவுலேயே இருக்கு" என்றாள்.

பால் திரிந்துவிட்டது. புதிதாக வாங்கிவரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 7, புதன். மழை 0.0

துணி காய்ந்தது.

ஆகஸ்ட் 23, வெள்ளி. மழை 11.2

லைன் வீடுகளுக்கு முன்னால் கூட்டம். நான் போகவில்லை, மைக் வைத்திருந்ததால் வேலியோரம் நின்றே கேட்டேன். தாலுகா அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். ஏழு குடும்பங்களையும் சமவெளியில் கட்டியிருக்கும் அடுக்குமாடிக்கு அனுப்பத்தான் முதலில் நினைத்தார்களாம். இரண்டு மணி நேரப் பஸ் தூரம். இங்கே கொழுந்து பறிக்கும் வேலை, மாடு, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். ஒருவருக்கும் சம்மதமில்லை. சந்தனம் எழுந்து, "எம் மாட்டுக்கு நாலாவது மாடியில வீடு குடுங்க, போறேன்" என்றான்.

ஷாஹிதா கணக்கைச் சொன்னாள். பெரிய நாள் 96. வருங்காலத்துக்காகக் கால் பங்கு கூட்டினால் 120. அதில் வழிந்தோடும் நீரைத் திருப்பிவிட, வீடுகளுக்கு மேலே இரண்டடி அகல வாய்க்கால் ஒன்று போதும். வாய்க்கால் கட்டினால் குடும்பங்கள் இங்கேயே இருக்கலாம்.

கைதட்டினார்கள். யோகேஸ்வரி மேலே ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் என் கையைப் பிடித்ததில்லை.

"உங்க நோட்டுதாம்மா எங்கள காப்பாத்துச்சு."

"நோட்டு இல்லை, பதிவேடு" என்றேன்.

அவள் போக வேண்டியிருந்தால் காலையில் ஆறே முக்காலுக்கு டீயை நானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். டீ போடத் தெரியாதவள் இல்லை நான். சும்மா எழுதுகிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய். மழை 7.6

வாய்க்கால் பாதி முடிந்தது. பூச்சு வேலை சுமார். மேஸ்திரியிடம் சொன்னேன், தலையை ஆட்டினான்.

யோகேஸ்வரி தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்: "ஏங்கம்மா, அய்யாவ கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தீங்களே, அப்ப ஒரு மழ பெய்ஞ்சுதே. இந்த வாய்க்கா அதுக்குத் தாங்குமா?"

"எந்த மழை?"

"வானம் பிச்சுக்கிட்டு ஊத்துச்சேம்மா. எங்க அடுப்பு வரைக்கும் சேறு. இவரு முத்தத்துல வச்ச வாளி ஒரு நாள்ல ரொம்பி வழிஞ்சுது. ஊத்திட்டு வச்சோம், மறுபடியும் ரொம்பிருச்சு."

"பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை."

"நீங்கதான் அப்ப இங்க இல்லியேம்மா."

துருவல் பெரிது பெரிதாக இருக்கிறது, மெல்லியதாகத் துருவு என்று சொன்னேன். அவள் போன பிறகு அலமாரியைத் திறந்து அளவுக் குவளையை எடுத்துத் துடைத்து வைத்தேன். அது அழுக்காக இல்லை.

செப்டம்பர் 17, செவ்வாய். மழை 0.0

தூக்கம் சரியில்லை. மூட்டு வலி.

செப்டம்பர் 24, செவ்வாய். மழை 1.8

எழுதிவிடுகிறேன்.

பதினொரு வருடத்துக்கு முன், நவம்பரில், பதினொரு நாள் நான் என் கணவரோடு கோவை ஆஸ்பத்திரியில் இருந்தேன். இங்கிருந்து புறப்பட்ட அன்று யோகேஸ்வரி கேட்டாள், "நான் பாத்து எழுதி வைக்கட்டுமாம்மா? அய்யா அளக்கிறத தெனமும் பாத்திருக்கேன்" என்று. குவளையை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவளுக்குத் தசமம் தெரியாது என்று நினைத்தேன். அவளைக் கேட்டுப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவர் உடலோடு திரும்பினேன். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன். பதினாறு வருடம் அவர் ஒரு கட்டம் காலி விட்டதில்லை. அவர் பதிவேட்டில் முதல் காலிக் கட்டம் என் கையால் வரக் கூடாது என்று தோன்றியது. யாரையும் கேட்கவில்லை. பதினொரு கட்டங்களையும் நிரப்பினேன். 12.4. 8.2. 3.6. 21.8. ஒன்றுகூட முழு எண் இல்லை. அவர் எழுதியது போலவே இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன்.

இதுவரை பாவசங்கீர்த்தனத்தில் பங்குச்சாமியிடம் இதைச் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றியதே இல்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 3, வியாழன். மழை 18.4

ஷாஹிதாவிடம் எல்லாவற்றையும், யோகேஸ்வரி சொன்ன வாளி உட்பட, சொல்லிவிட்டேன். தொட்டியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து, கையிலிருந்த புட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"பதினொண்ணுமாம்மா?"

"பதினொண்ணும்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். "சந்தனம் அண்ணன் வீட்ல அந்த வாளி இன்னும் இருக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கி ஓடினாள். வாளி இருந்தது, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறார்கள். அன்று வாளியின் அடியில் சேறு கிடந்தது, அது போக இவ்வளவுதான் மிச்சம் என்று சந்தனம் கைகாட்ட, அவள் அளவு நாடாவை உள்ளே விட்டு அளந்தாள். ஒன்பது சென்டிமீட்டர். இரண்டு தடவை நிரம்பினால் எஸ்டேட் எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது.

சாயங்காலம் என் சாப்பாட்டு மேசையில் கணிப்பொறியைத் திறந்து புதிதாகக் கணக்குப் போட்டாள். 188, கால் பங்கு கூட்டினால் 235. வாய்க்கால் இதில் பாதியைத்தான் தாங்கும். மீதி நீர் வாய்க்காலைத் தாண்டி, ஊறிப்போன மண்ணில் இறங்கும்.

"வாய்க்காலே இல்லாம இருந்தாக்கூடப் பரவால்லம்மா. இப்ப தண்ணிய எல்லாம் ஒரே எடத்துல சேத்துவிடுது. நெறஞ்சா அந்த எடத்துலதான் ஒடைக்கும்."

"எந்த இடம்?"

விரலை வைத்துக் காட்டினாள். மூன்றாம் வீட்டுக்கு நேர் மேலே.

அக்டோபர் 8, செவ்வாய். மழை 4.4

ஷாஹிதா போனில் பேசினாள். அறிக்கை போய்விட்டதாம், வாய்க்கால் வேலையும் முடிந்துவிட்டதாம். எழுத்தில் ஆதாரம் இல்லாமல் திருத்த முடியாது என்று அவளுடைய மேலதிகாரி சொல்லிவிட்டார். நானே நேரில் வந்து சொன்னால் தாலுகா அலுவலகத்தில் கேட்பார்கள் என்று நினைக்கிறாள்.

வெள்ளைக் காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டு வைத்தேன்.

அக்டோபர் 14, திங்கள். மழை 9.0 (ஆம், ஒன்பது.)

கோத்தகிரி தாலுகா அலுவலகத்துக்குப் போய் வந்தோம். மூன்று பக்கம் என் கையால் எழுதிய கடிதம், பதிவேடு, ஷாஹிதா. அதே அதிகாரிதான். நல்ல மனிதர், அதுதான் வினை. எழுந்து நாற்காலி போட்டார்.

கடிதத்தைப் படித்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து அந்த நவம்பரைப் பார்த்தார்.

"எவ்வளவு சுத்தமான எழுத்தும்மா. ஒரு அடித்தல் இல்ல, திருத்தல் இல்ல. எங்க ஆபீஸ்ல ஒரு ரிஜிஸ்டர் இப்படி இல்ல. இதப் போய் பொய்ங்கிறீங்களா?"

"ஆமா. நான்தான் எழுதினேன்."

"அன்னைக்கு எவ்வளவு பெய்ஞ்சுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. நான் ஊரிலேயே இல்லை."

"அப்போ இருபத்தொண்ணு இல்லேன்னு மட்டும் எப்படிச் சொல்றீங்க?"

ஷாஹிதா வாளியைப் பற்றிச் சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "மேடம், வாளிக் கணக்க வச்சு ஏழு குடும்பத்த எழுப்ப முடியுமா? அவங்களே போகமாட்டேங்கிறாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு வயசு?" என்றார்.

"எழுபத்தெட்டு."

"பசங்க யாராவது கூட இருக்காங்களா?"

"எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாபகமும் குறையவில்லை. இன்றைக்கு மழை ஒன்பது, நேற்று இரண்டு புள்ளி நான்கு, முந்தாநாள் இல்லை."

"சரிங்கம்மா, சரிங்கம்மா. டீ சாப்பிடுங்க" என்றார்.

கடிதத்தை ஒரு கோப்புக்குள் வைத்தார். என் கையெழுத்தை இவ்வளவு பேர் நம்புவார்கள் என்று தெரிந்திருந்தால், கான்வென்டில் கிறுக்கப் பழகியிருப்பேன்.

அக்டோபர் 15, செவ்வாய். மழை 0.0

யோகேஸ்வரியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. மூன்றாம் தண்ணீரையும் வடித்துவிட்டுச் சொன்னாள்:

"குவளைய வெளிய வச்சிட்டுப் போயிருக்கலாமேம்மா. எனக்குப் புள்ளி தெரியும். பெரியவளுக்குக் கணக்கு நாந்தான் சொல்லிக்குடுத்தேன்."

உலையில் அரிசியைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 16, புதன். மழை 2.2

வரவில்லை.

அக்டோபர் 17, வியாழன். மழை 5.8

வரவில்லை. டீ நானே போட்டுக்கொண்டேன். நன்றாக இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி. மழை 5.0

சந்தனம் வந்து வாசலில் நின்றான். கோபமாக வந்திருப்பான் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளியெல்லாம் நீங்களாவே வச்சதாமே மழைக்காரம்மா!" என்று சத்தமாகச் சிரித்தான். "இத்தன வருஷம் என்னா மெரட்டு மெரட்டுனீங்க!"

நான் அவனிடம் கெஞ்சினேன். இந்த மழைக்காலம் மட்டும் எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டிடத்தில் போய் இருங்கள் என்றேன்.

"மாட்டக் கட்ட விடமாட்டாங்கம்மா அங்க. அதுவுமில்லாம வாய்க்கா கட்டிருக்கில்ல? அன்னைக்கு வாய்க்கா இல்லாமலே பொழச்சோம்."

"அந்த வாய்க்கால்தான் ஆபத்து. ஷாஹிதா சொன்னாளே."

"அந்தப் பொண்ணு மொதல்ல இருங்கன்னுச்சு, இப்ப போங்குது. நீங்க மொதல்ல இருபத்தொண்ணுன்னீங்க, இப்ப இல்லேங்கிறீங்க. நான் யார நம்புறது?"

நாளையிலிருந்து யோகேஸ்வரி வருவாள் என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு இறங்கினான்.

நவம்பர் 1, வெள்ளி. மழை 41.8

நாளை கல்லறைத் திருநாள். அவர் கல்லறையைச் சுத்தம் செய்யப் போக முடியவில்லை. மழை விடவில்லை. அவருக்கு வீட்டிலேயே மெழுகுவத்தி ஏற்றினேன்.

நவம்பர் 2, சனி. மழை 63.2

இரண்டு தொட்டியும் நிரம்பி வழிகின்றன. தேயிலைப் பாத்தியும் இப்போது கேழ்வரகுக் கூழ்தான். வாய்க்காலில் முக்கால் உயரம் நீர்.

நவம்பர் 3, ஞாயிறு. மழை 88.6

ஷாஹிதா மூன்று முறை போன் செய்தாள். கோவையிலிருந்து வரும் பாதையில் மரம் விழுந்து பஸ் இல்லை. நாளை இன்னும் கூடும் என்றாள். "இன்னிக்குப் பெஞ்சதும் நாளைக்குச் சேந்துக்கிரும்மா. மண்ணு இனிமே ஒரு சொட்டு குடிக்காது. எல்லாம் மேலாலதான் ஓடும். எப்படியாச்சும் எறக்கிவிடுங்க அவங்கள."

யோகேஸ்வரி வந்தபோது சொன்னேன். நாலு குடும்பம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. மூன்று குடும்பம் இருக்கிறது. "இவரு வரமாட்டேங்கிறாரும்மா. நான் மட்டும் எப்பிடிப் போறது?"

தாலுகா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

நவம்பர் 4, திங்கள். மழை: அளக்கவில்லை.

இதைப் பத்தாம் தேதி எழுதுகிறேன். அதற்கு முன் முடியவில்லை.

காலை ஏழு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு லைனுக்கு இறங்கினேன். அறுபத்தெட்டுப் படிகள். யோகேஸ்வரி முப்பத்தொரு வருடமாகத் தினமும் அவற்றில் ஏறி வருகிறாள். நான் ஒருமுறையும் இறங்கியதில்லை. குடை இரண்டாம் வளைவிலேயே மடங்கிவிட்டது. வாய்க்காலைத் தாண்டியபோது பார்த்தேன், நீர் விளிம்பைத் தொட்டிருந்தது. மேஸ்திரியின் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்து கொண்டிருந்தது.

மூன்றாம் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "நீங்கள் இரண்டு பேரும் கிளம்பாமல் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றேன்.

யோகேஸ்வரி எவர்சில்வர் டம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். குடித்தேன். சந்தனம் கதவோரம் நின்று, "மழைக்காரம்மா நம்ம வூட்டுக்கு வந்துட்டாங்க. இதுக்கே தனியா ஒரு மழ பெய்யும்" என்றான். பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களும் வந்து என்னை எட்டிப் பார்த்தார்கள். என் கோலத்தைப் பார்த்தோ என்னவோ, அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்கள்.

எனக்கு நடுக்கம் வந்துவிட்டது. புடவை முழுக்க ஈரம். பல் அடித்துக்கொண்டது, நிறுத்த முடியவில்லை. சந்தனம் பார்த்தான்.

"சரி, வர்றேன். இவங்க இங்கயே செத்து வச்சா அந்தப் பழியும் நம்ம தலையில. நீ மொதல்ல இவங்கள மேல கொண்டு போய்த் துணி மாத்திவிடு. நான் மாட்ட அவுத்துக்கிட்டுப் பின்னாலயே வர்றேன்."

யோகேஸ்வரி என் இடுப்பைப் பிடித்து ஏற்றினாள். நான் இல்லையென்றால் அவள் அவனோடு சேர்ந்து கிளம்பியிருப்பாள். இல்லை, நான் இல்லையென்றால் அவர்கள் கிளம்பியே இருக்க மாட்டார்கள். இதை இரண்டு விதமாகவும் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமும் நிற்கவில்லை.

கடைசி வளைவில் கேட்டது. இடி மாதிரி இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல, நீண்ட நேரம். திரும்பிப் பார்த்தபோது தேயிலையில் பாதி இல்லை. இரண்டு பாத்திகளும் ஷாஹிதாவின் இயந்திரமும் இல்லை. என் முற்றத்தின் கீழ் மூலை இல்லை, அதில் நின்ற மழைமானியும் இல்லை. மணி எட்டரை. நான் அங்கே நின்றிருக்க வேண்டிய நேரம்.

வாய்க்கால் உடைந்தது ஷாஹிதா விரல் வைத்த இடத்தில்தான். சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

மாடு பிழைத்துவிட்டது. சந்தனம் அதை அவிழ்த்து விட்டிருக்கிறான், அவன்தான் வரவில்லை.

நவம்பர் 12, செவ்வாய். மழைமானி இல்லை.

யோகேஸ்வரி என் வீட்டில் இருக்கிறாள். அடுப்படியை ஒட்டிய அறையில் பாயை விரித்தாள், நான் விடவில்லை. என் கணவரின் கட்டிலில் படுக்கிறாள். பேசுவதில்லை. மாட்டை முற்றத்தில் கட்டியிருக்கிறோம்.

நவம்பர் 20, புதன்.

ஷாஹிதா வந்தாள். சரிந்த இடத்தின் விளிம்புவரை போய்ப் பார்த்தாள். "கணக்கு சரியா இருந்துச்சும்மா" என்றாள். அதைச் சொல்லி அழுதாள்.

நவம்பர் 29, வெள்ளி.

அதே அதிகாரி வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. என் கடிதம் அந்தக் கோப்பில் இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

லைன் வீடுகளுக்குப் பதில் புது வீடு தர ஏற்பாடாம். ஆனால் மூன்றாம் வீட்டின் கோப்பில் ஒரு சிக்கல். மாட்டுக் கொட்டகைக்காகச் சந்தனம் சரிவை வெட்டியதால்தான் மண் இறங்கியது என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அது அவன் குற்றம், யோகேஸ்வரிக்கு வீடு கிடையாது. மழையால் சரிந்தது என்று காட்ட அன்றைய மழை அளவு வேண்டும்.

"எஸ்டேட்டில் இருக்கிறதே" என்றேன். அங்கே அன்று 219 பெய்ததாக ஷாஹிதா சொல்லியிருந்தாள்.

"அத ஏத்துக்க மாட்டேங்கிறாங்கம்மா. எஸ்டேட் மழையும் இந்தச் சரிவு மழையும் வேற வேறன்னு அறிக்கையிலேயே இருக்கு. உங்க பதிவேட்ட வச்சுத்தான் அப்படி எழுதியிருக்காங்க." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்த மெஷினும் போயிருச்சு. உங்க பதிவேட்டுல அன்னைக்கு என்ன இருக்கோ, அதுதான் செல்லும். அதுல என்ன இருக்கும்மா?"

பதிவேடு மேசையில் இருந்தது. நவம்பர் 4 காலி, அதன்பின் வந்த நாள்களும் காலி. இருபத்தேழு வருடத்தில் முதல் காலிக் கட்டம் நவம்பர் 4. அதுதான் அதில் நான் செய்த ஒரே நேர்மையான காரியம்.

"எடுத்து வைக்கிறேன். சாயங்காலம் ஆள் அனுப்புங்கள்" என்றேன்.

அவர் போன பிறகு யோகேஸ்வரி வந்து மேசையோரம் நின்றாள். இருபத்தைந்து நாளில் முதல் தடவையாகப் பேசினாள்.

"எழுதுங்கம்மா."

"அன்றைக்கு நான் அளக்கவில்லை, யோகேஸ்வரி."

"அன்னைக்கும்தான் அளக்கல. எழுதுனீங்கல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு போட்டாயா என்று கேட்பது போலச் சொன்னாள்.

அந்தப் பழைய பதினொரு கட்டங்களையும் சிவப்பு மையால் அடித்து, அளக்கப்படவில்லை என்று எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவற்றை அடித்தால் இந்த ஒன்றையும் நம்ப மாட்டார்கள். அதனால் அவை அப்படியே இருக்க வேண்டும். ஷாஹிதா அடுத்து எந்தச் சரிவுக்குக் கணக்குப் போட்டாலும் இந்தப் பதிவேட்டைத்தான் எடுப்பாள், என்னிடம் கேட்பாள். என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

பேனாவைத் திறந்தேன். 220 என்று எழுதத்தான் கை போனது. முழு எண். குனியாதவர் எழுதும் எண்.

223.8 என்று எழுதினேன். மேலே இருக்கும் எண்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

யோகேஸ்வரி என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"புள்ளி வச்சாச்சாம்மா?"

"வைத்தாயிற்று" என்றேன்.